மூன்று ஊர், ஒரே கண், மூன்று விலை

மெலென்ட்ஸி,
அக்டோபர் மாதம், மழை விட்ட மறுநாள்.

லின்ஸ் நகரத்தில் நாலாவது மாடியில் சீரும் சிறப்புமாக இருந்துவரும் என் அன்புத் தங்கை டெசங்காவுக்கு, உன் ஒரே அண்ணன் ராதிவோய் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே. இங்கே நான் சௌக்கியம், கோழிகள் சௌக்கியம், பக்கத்து வீட்டு காவ்ரா தேவைக்கு மேலேயே சௌக்கியம். எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. வலது கண் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது, இடது கண் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிறது. போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏண்ணா, ஒரே ஜில்லா, ஒரே கண்ணு, ஒரே புரை. காபி ஆறதுக்குள்ள முடியிற வேலை. அதுக்கு ஊருக்கு ஒரு விலைன்னா யாரு நம்புவா? நம்ம வீட்டுப் புனிதரோட மித்ரோவ் திருநாளுக்குள்ள நீ ஆபரேஷன் பண்ணிக்கலன்னா நானும் அவரும் வண்டி எடுத்துட்டு வந்து உன்ன இங்க தூக்கிட்டு வந்துடுவோம், ஆமா." நீ சொன்னால் செய்வாய். சின்ன வயதில் என் ஆட்டுக்குட்டியை விற்றுவிடுவேன் என்று சொல்லி விற்றவள்தானே நீ. உன் வீட்டு பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே இன்னொரு தொட்டியாக உட்கார்ந்து, ஜெர்மன் பேசுகிற லிஃப்டுக்குப் பதில் சொல்லத் தெரியாமல், இங்கே உன் அண்ணி பெர்சிதாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஆளில்லாமல்... என்னால் முடியாது, டெசங்கா. இந்த வீட்டை விட்டு வர என்னால் முடியாது. ஆகவே விலை ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதையும், நான் ஏன் இன்னும் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை என்பதையும் விவரமாக எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் காட்டு. அவர் நியாயஸ்தர்.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். காசு வேண்டாம், வரிசை மட்டும்தான் வேண்டும். அந்த ஜன்னலில் இருந்த அம்மாள் என் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த இலையுதிர் காலத்துக்குப் பிறகு கூப்பிடுவோம் என்றாள். கால் கிலோ காப்பிப்பொடியை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, இலையுதிர் கால ஆரம்பத்திலேயே கூப்பிடுவோம் என்றாள். காப்பிக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான். பிறகுதான் தனியார் டாக்டர்களிடம் போக வேண்டியதாயிற்று. காவ்ரா துணைக்கு வந்தான். வந்தான் என்றால், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, குழியில்லாத இடத்தில் குழி என்று சொல்லி என்னைத் தாண்டவைத்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

முதல் ஊர் ஸ்ரென்யானின். நம் பக்கத்தில் எந்த வாசலில் காலை வைத்தாலும் முதலில் என்ன கேட்பார்கள் என்று உனக்கே தெரியும். காய்ச்சலா, கண்வலியா என்று இல்லை, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான். எழுபத்து மூன்று வயதானாலும் நம் ஊரில் பிள்ளைதான். சும்மா அப்பா பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த மண்டல ஃபுட்பால் லீக்கில் ஒரு காலத்தில் நடுவராக விசில் ஊதிய ராதிவோய் நான்தான் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் வழுக்கைத் தலை, தங்கமான கை. என் தாடையைப் பிடித்து ஏதோ கருவியில் சாய்த்து, உள்ளே விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஐயா, இது நேத்து வந்த புரை இல்ல. நீங்க விசில் ஊதுற காலத்துலயே இருந்திருக்கும்னு எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு."

அப்பா யாரென்று கேட்டேன். கோல்கீப்பர் நெஸ்தோர். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கல்யாண அவசரத்தில் இருந்தாய். செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த மைதானம், முழங்கால் அளவு சேறு, நெஸ்தோர் பந்துக்காக, வீடு சரிந்து விழுகிற மாதிரி பாய்ந்து எதிரணிப் பையனின் கால்மேல் விழுந்தான். சிவப்பு அட்டை காட்டினேன். அன்று என்னை ஜெர்சி மாற்றுகிற அறையில் போட்டுப் பூட்டினார்கள், ஜன்னல் வழியாக யாரோ முட்டைக்கோஸ் எறிந்தார்கள். பெர்சிதா அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் சமைத்தாள். அவளைப்போல் ஒருத்தி இனி பிறக்கப் போவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவள் சைக்கிளைச் சாலைப் பக்கமாகத் திருப்பி நிறுத்திவிடுவாள். நான் கடைசி விசிலை ஊதிக்கொண்டே ஓடுவேன், அவள் மிதிப்பாள், நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன், ஊரே எங்கள் பின்னால் வரும். சோளக்காடு தாண்டியதும் இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே எத்தனையோ பெனால்டி கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது, ஆனால் நியாயமில்லாமல் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

எங்கே விட்டேன். ஆம், விலை. நெஸ்தோரின் மகன் சொன்னது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தினார். ஏன் இவ்வளவு என்றதற்கு, இயந்திரம் புதிது, அதற்கு வங்கித் தவணை ஓடுகிறது, சொட்டு மருந்தும் பிறகு வந்து காட்டுவதும் இதிலேயே அடக்கம் என்று விரல்விட்டு விளக்கினார். நான் தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியாதா? லட்சம் கண்ணுக்கு, நாற்பதாயிரம் சிவப்பு அட்டைக்கு.

அடுத்தது கிகிந்தா. அங்கே டாக்டர் ஒரு பெண்பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. வாசலில் பெயர் எழுதிக்கொள்கிறவள் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். அவளுடைய மாமாதான் அந்தக் காலத்தில் கடைசி நிமிடப் பெனால்டியை அடித்தவராம், நான் கொடுத்த பெனால்டி. காப்பி வந்தது, திராட்சை போட்ட ரொட்டி வந்தது, காவ்ரா மூன்று தின்றான். விலை கேட்டால் தொண்ணூறாயிரம். சொந்த வீட்டிலேயே கிளினிக், வாடகை இல்லை, இயந்திரத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, சொட்டு மருந்து மட்டும் நாம் வெளியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். டெசங்கா, நான் ஏழையாக இருந்திருக்கிறேன், உதை வாங்கியிருக்கிறேன், ஆனால் எந்த அணியிடமும் ஒரு பன்றித்தொடைகூட வாங்கியதில்லை. பெனால்டி கொடுத்த ஊரில் மலிவாகக் கண்ணைத் திறந்துகொண்டால் அதற்குப் பெயர் என்ன? லஞ்சம். லஞ்சத்துக்கு வயதாவதில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் காவ்ரா என்னைத் திட்டினான். "அட மரமண்டை, உனக்கு மலிவா கெடச்சாலும் பொறுக்கல, கூடுதலாச் சொன்னாலும் பொறுக்கல. நடுவுல ஒரு ஊரப் பாத்துப் பொறந்திருக்கணும் நீ."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. என்மேல் பகையும் இல்லாத, பாசமும் இல்லாத நடுநிலையான ஊர் வேண்டும். வர்ஷாட்ஸ் அப்படிப்பட்ட ஊர், அங்கே நான் அதிகம் ஊதியதில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். கண்ணாடிக் கட்டிடம், உள்ளே ஆஸ்பத்திரி வாடையே இல்லை, வாசனைத் திரவிய வாடைதான். மேஜையில் இருந்த பெண் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. பிறந்த தேதி கேட்டாள். நானாகவே, அம்மா, நான் பழைய நடுவர் என்றேன். "கோர்ட்டுலயா தாத்தா?" என்றாள். இல்லை, ஃபுட்பால் என்றேன். ஓ என்று சொல்லிவிட்டு, ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றாள். டாக்டர் பெல்கிரேடிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்து போகிறவராம், அவருடைய பயணச் செலவும் கட்டிட வாடகையும் அதில் சேர்ந்திருக்கிறதாம். நியாயமான விலை, நடுநிலையான விலை, நான் தேடிக்கொண்டு போன அதே விலை. ஆனால் அந்த "ஓ" இருக்கிறதே, அது முட்டைக்கோஸை விடப் பலமாக என்மேல் விழுந்தது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வட்டாரமே என் விசிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். மைதானத்து ஓரத்தில் பெரிய அண்டாவில் மொச்சை சூப்பு கொதிக்கும், பாதிரியார்கூட என் அம்மாவைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வந்து மன்னிப்புக் கேட்பார். என்னைத் திட்டக்கூட ஒரு ஆள் இல்லாத ஊரில் கண்ணைத் திறந்து நான் யாரைப் பார்ப்பது? எழுந்து வந்துவிட்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில் காவ்ராகூடக் கிண்டல் பண்ணவில்லை.

ஆகவே தங்கையே, என் முடிவு இது. ஒரே புரைக்கு விலை ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்றால், வாடகையாலும் இல்லை, இயந்திரத்தாலும் இல்லை, ஊருக்கு ஊர் மனிதர்களின் ஞாபகம் மாறுகிறது, அதனால்தான். இந்த மூன்று ஊரிலும் நான் செய்துகொள்வதாக இல்லை. அரசாங்க வரிசையிலேயே காத்திருப்பேன். மிச்சமிருக்கிற கண்ணில் கோழிக்கும் காவ்ராவுக்கும் வித்தியாசம் தெரிகிறது, அது போதும். ஆபரேஷனுக்கென்று நீ அனுப்பிய பணம் அப்படியே மூடிபோட்ட கூஜாவில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். வண்டி கொண்டு வராதே. வந்தாலும் நான் ஏறமாட்டேன், பேரிக்காய் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன், நாலு பேர் பார்க்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தத்தையும் சேர்த்துவிடு. நம் வீட்டுப் புனிதர் திமித்ரி உன் அடுப்பு அணையாமலும் உன் வாய் கொஞ்சம் ஓயவும் அருள் செய்வாராக.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ராதிவோய்

பின்குறிப்பு: எழுதியதை நானே படிக்க முடியாததால் காவ்ராவை விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் கோழிகள் கூண்டுக்குள் ஓடிவிட்டன. மூன்று கிளினிக்கிலும் சுவரில் பலகை மாட்டியிருந்ததாம், அதில் அந்தந்தக் கிளினிக்கின் விலை, வருகிற எல்லோருக்கும் ஒன்றாக, எழுதியிருந்ததாம். அதே ஒரு லட்சத்து நாற்பது, அதே தொண்ணூறு, அதே ஒரு லட்சத்துப் பதினைந்து. புரை விழுந்த கண்ணுக்குப் பலகை எங்கே தெரியும்? ஏண்டா அப்போதே சொல்லவில்லை என்றேன். "நீ அவ்ளோ சந்தோஷமா கோவப்பட்டுட்டு இருந்த, கெடுக்க மனசு வரல" என்றான். கிகிந்தாவின் சொட்டு மருந்தையும் பஸ் செலவையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம் குறையுமாம், மிச்சமெல்லாம் அவர்கள் சொன்ன தவணையும் வாடகையும்தானாம். அப்படியானால் யாரும் எனக்காக ஒரு தினார் ஏற்றவும் இல்லை, ஒரு தினார் இறக்கவும் இல்லை. ராத்திரி முழுக்க எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன், கொஞ்சம் அழுதேன்.

ஆனால் கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை போன் வந்தது. நெஸ்தோர். எண்பது வயதுக் குரல், இரும ஆரம்பித்தால் நிற்பதில்லை. நான் வந்து போனதை மகன் சொல்லியிருக்கிறான். நலம்கூட விசாரிக்கவில்லை. "எலே விசிலு, வேற எங்கயும் போயிடாத. என் மவன்கிட்டயே பண்ணிக்க. கட்டு அவுக்கிற அன்னிக்கு நான் உனக்கு எதிர்ல ஒக்காந்திருப்பேன். நல்லா கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, நான் தொட்டது பந்தையா, அவன் காலையா."

வியாழக்கிழமைக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன். மூன்றிலும் அதிகமான விலைதான், உன் பணத்தில் மிச்சம் எதுவும் தேறாது. நீ மித்ரோவ் திருநாளுக்கு விருந்தாளியாக வந்தால் போதும், என் துணிப்பெட்டி காலியாகவே இருக்கட்டும். இத்தனை வருஷம் கழித்து ஒருத்தன் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறான், டெசங்கா. நான் எப்படிப் போகாமல் இருப்பேன்?