படகில் அடைகாத்த வாத்து

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களா. நாளெல்லாம் ஓடியாடிக் களைத்தவர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு வாத்தின் கதை சொல்கிறேன். அந்த வாத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போனவளின் கதையும் அதிலேயே இருக்கிறது.

அவள் ஆற்றங்கரையில் விருந்தினர் பண்ணை நடத்துகிறவள். வசந்தம் வந்தால் மரமெல்லாம் துளிர்விடும், ஆடெல்லாம் குட்டி போடும், அறையெல்லாம் ஆள் நிறையும். அவளுக்கு மட்டும் இடுப்பு விட்டுப்போகும். அந்த வருஷம் இது போதாதென்று, பண்ணையின் ஒரே படகில் வாத்து ஒன்று ஏழு முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

"ஏம்மா, படகுச் சவாரி உண்டுன்னு வாசல் பலகையில எழுதியிருக்கே. படகு எங்கே?" என்று வந்த அன்றே கேட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவியோடு நான்கு நாள் தங்க வந்தவர். "வெள்ளத்துலயே படகு ஓட்டினவன் நான். இவளை வெச்சு ஓட்டிக் காட்டறேன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருக்கேன்."

"முப்பத்தெட்டு வருஷமா," என்றார் மனைவி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

"எல்லாம் திருப்தியா இருந்தா, எங்க ஓய்வூதியர் சங்கத்து ஆளுங்க நாற்பது பேரை அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன்," என்றார் தலைமையாசிரியர்.

நாற்பது பேர் வந்தால் பண்ணை இன்னொரு வருஷம் தாங்கும். வராவிட்டால் விற்றுவிடுவதென்று அவளும் வீட்டுக்காரரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே முட்டைகளைக் கூடையில் எடுத்துப்போய் விறகுக் கொட்டகையில் வைத்தாள். வாத்து திட்டிக்கொண்டே பின்னால் வந்து, அவள் குதிகாலைக் கொத்திவிட்டு உட்கார்ந்தது. விடிந்து பார்த்தால் வாத்தும் ஏழு முட்டைகளும் படகில்!

"ஏங்க, வாத்து முட்டையைத் தூக்கிட்டு நடக்குமா?"

முதுகுப் பிடிப்போடு கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் யோசித்தார். "எதுல வெச்சுத் தூக்கும்?"

"அதைத்தானே உங்களைக் கேக்கறேன்!"

"கோழிக் கூண்டுல போடு. தாழ்ப்பாள் இருக்கு."

தாழ்ப்பாள் இருந்தது. கோழிகளுக்குத்தான் பொறுமை இல்லை. அன்று மாலை வாத்தைக் கொண்டுபோய் விட்டதும் உள்ளே ஒரே ரகளை, கதவு பிய்ந்து, பதினோரு கோழிகள் சாப்பாட்டு அறைக்குள் புகுந்தன. அதில் ஒன்று தலைமையாசிரியரின் தொப்பியில் முட்டையே போட்டுவிட்டது.

"தொப்பி கிடக்கட்டும்மா. படகு என்ன ஆச்சு?"

மறுநாள் காலை வாத்து பழையபடி படகில்.

மூன்றாம் நாள் அக்கரை மீன்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் படகை வாங்கி வந்தாள். தலைமையாசிரியர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூக்கைப் பிடித்தார்.

"மீன் வாடை. இதுல ஏறினா இவளுக்குக் குமட்டும்."

"எனக்கா?" என்றார் மனைவி.

"உனக்குத்தான்."

அவர்கள் பேசி முடிப்பதற்குள், படகைக் கட்டியிருந்த கயிற்றை ஓர் ஆட்டுக்குட்டி மென்று முடித்துவிட்டது. படகு தன் பாட்டுக்கு ஆற்றோடு போனது. அரை மைல் ஓடிப்போய்ப் பிடித்து, சேறும் சகதியுமாகத் திரும்பி, மீன்காரர் வாயில் வந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இன்னும் மிச்சம் ஒரே காலை. அன்று இரவு வாத்தையும் முட்டைகளையும் துணி துவைக்கும் அறையில் விட்டாள். விடியும் முன்பே எழுந்து, படகருகே முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். 'இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்' என்று நினைத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. தோளில் யாரோ போர்த்திய சால்வை. படகில் வாத்து.

"சால்வை போர்த்தத் தெரிஞ்ச மனுஷருக்கு, எழுப்பத் தெரியலையா?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தாள்.

"நானா? எனக்குப் புரண்டு படுக்கவே முடியலைடி!"

அவளுக்கு யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. முடிந்தது கதை, பண்ணையை விற்கவேண்டியதுதான் என்று, சால்வையோடே விருந்தாளிகளை வழியனுப்ப நின்றாள்.

தலைமையாசிரியரோ என்றுமில்லாத உற்சாகத்தில் இருந்தார். "படகு மட்டும் கிடைச்சிருந்தா! பரவாயில்லைம்மா, விடறதா இல்லை. அடுத்த மாசம் நாற்பது பேரோட வர்றேன். அவங்க எதிர்லயே ஓட்டிக் காட்டறேன்!"

காதில் விழுந்ததை நம்பமுடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெட்டிகளை ஏற்ற வண்டியின் பின்பக்கம் போனார். மனைவி அவளருகில் வந்து, அவள் தோளிலிருந்த சால்வையை மெல்ல எடுத்து மடித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள இன்னொரு வாத்தை அடைக்கு உட்கார வெச்சுடு, தங்கச்சி. அவருக்குத் துடுப்பைப் பிடிக்கவே தெரியாது. முட்டையைத் தூக்கிட்டுப் போய்ப் படகுல வைக்கிற வேலையை அப்பவும் நானே பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான் செல்லங்களா. உங்கள் வீட்டிலும் வீறாப்புப் பேசுகிற ஒருவரும், அதைக் கலையாமல் காப்பாற்றுகிற ஒருவரும் நூறு வயசு இருக்கட்டும். களைத்துத் தூங்குகிறவர் தோளில் எப்போதும் ஒரு சால்வை விழட்டும்.