முத்துசாமி என்கிற தெக்கத்தியான்

"முத்துசாமியா? யாரும்மா இந்த முத்துசாமி?"

மோர்ப்பந்தல் கருணாகரன் புத்தக அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டான். தலைச்சுமையை அப்போதுதான் இறக்கி வைத்திருந்த கன்னியம்மா அவனையே திருப்பிக் கேட்டாள்.

"யாரு நைனா அது?"

"என்னியக் கேட்டா? புஸ்தகம் நீ குடுக்கிற. 'காலஞ்சென்ற முத்துசாமி நினைவாக, மனைவி கன்னியம்மாள் உபயம்'னு அச்சடிச்சு கீது. உன் வூட்டுக்காரரு தானே?"

"அவரு பேரு அது இல்ல."

"பின்ன இன்னா பேரு?"

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெட்ராஸில் டிராம் நின்ற மறுவருஷம் அது. திருவொற்றியூரில் மாசித் தேர். கொருக்குப்பேட்டையிலிருந்து டோல்கேட் வழியாகப் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருந்தாள். கூட இன்னொரு கட்டோடு ரஹீமுன்னிசா. கிடங்கு ஒன்றில் இருவரும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த கோணி தைப்பவர்கள். கட்டுக்குள் இருந்ததெல்லாம் வடிவுடையம்மன் மேல் பத்துப் பாட்டு, பச்சை அட்டை. தேர் பார்க்க வருகிறவர்களுக்கு இனாம்.

கன்னியம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் புருஷன் துறைமுகத்தில் கரி இறக்கினவன். தெற்கே எங்கோ கடலோரத்திலிருந்து பிழைக்க ஒண்டியாக வந்தவன். இங்கே சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. போன வருஷம் கரிக்கூடையோடு பலகையில் கால் வழுக்கி, கப்பலுக்கும் படகுக்கும் நடுவே விழுந்தான். உடம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி வந்து, நம்பர் அடித்த பித்தளைப் பில்லையைத் திருப்பிக் கொடு என்றான். அதுவும் இடுப்போடு போயிருந்தது.

துறைமுகத்தில் அவன் ஒரு நம்பர். கூட்டாளிகளுக்குத் தெக்கத்தியான். வீட்டில் "இந்தா", "தோ பாரு". பெற்றவர்கள் வைத்த பேரைத் தாலி கட்டின அன்றைக்குப் பூசாரி ஒரு தடவை சொன்னார். கன்னியம்மா கேட்டாள். அதோடு சரி. புதைத்த இடம் இல்லை, போட்டோ இல்லை. பேராவது நாலு வீட்டு சாமி மாடத்தில் இருக்கட்டும், நாலு பேர் அதை வாய்விட்டுப் படிக்கட்டும் என்றுதான் அவள் இந்தப் புத்தகம் போட்டது.

அச்சாபீஸில் பேர் கேட்டார்கள். புருஷன் பேரை எந்தப் பெண்பிள்ளை சொல்லுவாள்? ஜாடை காட்டினாள்.

"கடல்ல முங்கி எடுப்பாங்களே சாமி… வெள்ளையா, உருண்டையா…"

"முத்தா?"

பேரில் பாதி அந்த மனுஷர் வாயிலிருந்து வந்ததுமே கன்னியம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முன்பாதி ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. எழுத்துக் கோப்பவர் இளகிய மனசுக்காரர். "சரி சரி, அழாதம்மா. முத்துசாமி தானே? புரிஞ்சு போச்சு" என்றார். அவள் குனிந்து விசும்பினாள். அது அவருக்கு ஆமாம் என்று பட்டது.

"இப்ப இன்னா பண்றது?" என்றாள் ரஹீமுன்னிசா.

"இதுக்குப் போயி பேஜார் படுறீங்களே. அடிச்சிட்டு எழுதிட்டாப் போச்சு" என்று கருணாகரன் காதில் செருகியிருந்த ஊதாப் பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டான். "சொல்லும்மா."

கன்னியம்மா ரஹீமுன்னிசாவைப் பார்த்தாள்.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கிற? எனுக்கு அவரு உன் வூட்டுக்காரரு. அண்ணாத்தேன்னு கூப்புடுவேன். அல்லா சத்தியமா பேரு தெரியாது."

"சரி, முத்து கீதா பேருல?" என்றான் கருணாகரன்.

தலையாட்டினாள்.

"மாரிமுத்து? வீரமுத்து? காளிமுத்து?"

மோருக்கு நின்றவர்களுக்கும் இது பிடித்துப்போயிற்று. செல்லமுத்து என்றான் ஒருவன். சின்னமுத்து என்றான் ஒருவன். ஒவ்வொன்றுக்கும் கன்னியம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கழுத்து வலித்தது.

"முன்னாடி வர்றது இன்னா? அதுக்காச்சும் ஒரு ஜாடை சொல்லு."

"காட்டுல… கண்ண மூடிகினு குந்திகினு இருப்பாங்களே…"

"தூங்குறவனா?"

"தூங்கல நைனா. சாமிய நெனச்சிகினு…"

"சாமியாரு! சாமியார்முத்துன்னு எவனாச்சும் பேரு வைப்பானா?"

"சன்னாசிமுத்து!" என்றது ஒரு குரல்.

கன்னியம்மா ஒரு நிமிஷம் தயங்கினாள். கிட்டத்தில் வந்துவிட்டார்கள். ஆனாலும் அது இல்லை.

"முனிமுத்து! ரிஷிமுத்து!" பந்தல் முழுக்கச் சிரித்தது.

கருணாகரனுக்குப் பொறுமை போயிற்று. மோர்ப்பானை காலியாகிக்கொண்டிருந்தது. "யம்மா, பேரச் சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறையும்னு தானே சொல்ல மாட்டேங்கிற? ஆளே பூட்டாரு. இனிமே கொறையறதுக்கு இன்னா கீது? சும்மா சொல்லு!"

நியாயம்தான். அவள் புத்திக்கு அது தெரியும். நாக்குக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது.

"எல்லாரும் அவர இன்னான்னு கூப்புடுவாங்க? அதையாவது சொல்லுங்க" என்றான் கருணாகரன் ரஹீமுன்னிசாவிடம்.

"ஆர்பர்ல தெக்கத்தியான்னுவாங்கோ."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா!"

கன்னியம்மா கையை நீட்டித் தடுப்பதற்குள் அவன் எழுத ஆரம்பித்துவிட்டான். நல்ல கையெழுத்து. வேகமான கையெழுத்தும்கூட. அச்சடித்த பேரை அடிப்பானேன், அம்மன் பேருக்குப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் எதற்கு என்று அதை அப்படியே விட்டு, பக்கத்தில் சேர்த்தான். எழுதி எழுதி நாக்கு ஊதாவானபோது ஒரு கட்டு முடிந்திருந்தது.

முதல் புத்தகம் வாங்கியவர் ஒரு ரயில்வே பிட்டர். உரக்கப் படித்தார். "முத்துசாமி என்கிற தெக்கத்தியான்." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, போலீஸ் டேசன்ல ஒட்டுற நோட்டீசு மாதிரி கீது? எத்தினி கொல பண்ணான்?"

புத்தகத்தைப் பந்தல் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்தவரும் வைத்தார். அதற்கடுத்த அம்மாள் கையை நீட்டி, பேரைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். கொடுக்கக் கொடுக்கப் புத்தகம் திரும்பி வந்தது. தூரத்தில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தேர் கிளம்பிவிட்டது.

"அழுவாத கன்னீம்மா" என்றாள் ரஹீமுன்னிசா. அவள் எதற்கும் சோராதவள். "உங்க ஜனங்க எத்தப் பாத்தாலும் குங்குமம் வெப்பீங்களே. பேரு மேல அப்பிடு. மூடிக்கும். பாக்கவும் மங்களமா இருக்கும்."

இது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. குங்குமம் வாங்கினார்கள். குழைக்கத் தண்ணீர் இல்லை, மோர் இருந்தது. கன்னியம்மா கட்டைவிரலால் ஒவ்வொரு அட்டையிலும் புருஷன் பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு தீற்றுத் தீற்றினாள். மோரில் ஊதா கரைந்தது. சிவப்பும் ஊதாவும் கலந்து, காய்ந்த ரத்தம் மாதிரி ஆயிற்று. காய நேரம் இல்லை. தேர் தெருமுனைக்கு வந்துவிட்டது. அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பேர் தெரியாததால் ஜனங்களும் வாங்கினார்கள்.

மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் புத்தகத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தேரைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் தற்செயலாகக் குனிந்து பார்த்தாள்.

"ஐயையோ! வயித்துல குத்திட்டாங்களே!"

"யாரு? யாரு குத்தனது?"

வேட்டிக்காரரும் தன் வயிற்றைப் பார்த்தார். சிவப்பு முழங்கால் வரை இறங்கியிருந்தது. வலிக்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வருவதற்கு முன்பே மயங்கி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் புத்தகத்தைத் திருப்பி வைத்த யாரோ ஒருவன், தெரிந்ததைச் சொன்னான்: "தெக்கத்தியான்னு ஒரு கேடி சுத்திகினு கீறானாம்பா!"

அவ்வளவுதான். தெக்கத்தியான் குத்திட்டான், தெக்கத்தியான் குத்திட்டான் என்று தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிற்று. உயிரோடு இருந்தவரை ஒரு எறும்பை நசுக்காதவன், கடலுக்குள் போய் ஒரு வருஷம் கழித்துக் கொலைகாரன் ஆனான். கூட்டம் தள்ளியதில் மேசை சாய்ந்தது, பானை உருண்டது, ரஹீமுன்னிசா எங்கேயோ இழுத்துப் போகப்பட்டாள், மிச்சப் புத்தகமெல்லாம் தேர்ப்பாதையில் பரவிக் கிடந்தது.

வடம் பிடித்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வெறுங்கால். சாமி பாட்டை மிதிப்பது எப்படி? முன்வரிசை நின்றதும் பின்வரிசை முட்டியது. சக்கரத்துக்குக் கட்டை போடு, கட்டை போடு என்று அலறல். அம்மாம்பெரிய தேர் ஆடிக் குலுங்கி நின்றது.

"எவன்டா அந்தத் தெக்கத்தியான்? புடிச்சுக் கட்டுங்கடா!" என்று தேரின் மேலிருந்து ஒருவர் கத்தினார்.

கன்னியம்மா தெருவின் நடுவில் மண்டிபோட்டுப் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் குனிந்து பொறுக்கினார்கள். பொறுக்கியதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு சிவப்பு அப்பிய அட்டையைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, பாட்டை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு பேர் வாயில் அவன் பேர் வர வேண்டும் என்று நினைத்தாள். நாலாயிரம் பேர் வாயில் வந்துகொண்டிருந்தது. உதைக்கணும், கட்டணும், ஜெயிலில் போடணும்.

என்னமோ ஒன்று அவளுக்குள் அறுந்தது.

"தெக்கத்தியான் இல்ல!" என்று எழுந்து நின்று கத்தினாள். "அவரு பேரு தெக்கத்தியான் இல்ல. முத்துசாமி இல்ல. தவசிமுத்து! கேட்டுக்கங்க, தவசிமுத்து!"

மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். பாதை சுத்தமாகிவிட்டது, கட்டையை எடுத்தார்கள், தேர் நகர்ந்தது. பக்கத்தில் நின்றவன்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கட்டிவைத்த நாக்கு. தவசிமுத்து, தவசிமுத்து என்று அழுதுகொண்டே, முன்னால் போகிற கூட்டத்தின் முதுகைப் பார்த்துக் கூவிக்கொண்டே நடந்தாள்.

யாரோ கையைப் பிடித்தார்கள். மார்பில் துணிப்பட்டை குத்திய தொண்டன் ஒருவன்.

"வாம்மா. இப்படி வா. எந்த ஊரு?"

"கொருக்குப்பேட்ட" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

மூங்கில் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். உள்ளே ஒரு பெஞ்சு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெண் குழந்தையும், வெற்றிலைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கிழவியும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் மைக்கு. தொண்டன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினான்.

"கொருக்குப்பேட்டை திரு தவசிமுத்து அவர்கள்…"

நாலு மாடவீதியிலும் கட்டியிருந்த குழாய்கள் ஒரே நேரத்தில் அதைச் சொல்லின. தேர்ச் சக்கரத்துக்கு மேல், மேளத்துக்கு மேல், கடற்கரை வரைக்கும். திருவும் போட்டு, அவர்களும் போட்டு. கரி சுமந்தவனை உயிரோடு இருந்தபோது யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதற்குப் பின்னால் தொண்டன் இன்னும் என்னமோ சொன்னான். கன்னியம்மா அதைக் கேட்கவில்லை. பேர் போய் மோதித் திரும்பி வருவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் புண்ணியமோ, இந்த மனுஷனுக்கு எப்படியோ தன் மனசு தெரிந்துவிட்டது என்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னொரு தபா சொல்லு நைனா."

தொண்டன் பெஞ்சில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தான்.

"எத்தினி தபா வேணும்னாலும் கூப்புடறேம்மா. அழுவாம இங்கியே குந்து. எந்தக் கூட்டத்துல மாட்டிகினு இருந்தாலும் உன் வூட்டுக்காரரு காதுல வுழுந்துரும், தேடிகினு வந்துடுவாரு."