பீரோவுக்குள் போன சிக்னல்

கம்ப்யூட்டர் படித்தவன் எவனும் கண்ணெதிரே இருக்கும் காரணத்தைப் பார்ப்பதில்லை. பெரிதாக ஏதாவது தேடுவான். நானும் அந்த ரகம்தான்.

அக்காவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை துபாயில் ஏ.சி. மெக்கானிக். லீவு கிடைக்காததால் வீடியோவில் பெண் பார்க்க ஏற்பாடு. போட்டோ பார்த்ததிலிருந்து அக்கா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. (இன்ஜினியர் இருக்கிற வீட்டில் மெக்கானிக்கா! அந்த இன்ஜினியர் வேலைக்குப் போய் மூன்றே மாதம்.)

சென்னையிலிருந்து புது லேப்டாப்போடு பெரம்பலூர் வந்து இறங்கினேன். அப்பா அதை நேராகச் சிறுவாச்சூர் கோயிலுக்குத் தூக்கிப்போய் பூஜை போட்டு, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். கீறல் விழுமே என்று அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை நானும் உரிக்கவில்லை. போதாக்குறைக்கு இரண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று துரத்திக்கொண்டிருந்தன. ஒரு ஃபோல்டர் திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

வைஃபை அதைவிட மோசம். திடீரென்று பறக்கும், திடீரென்று படுத்துவிடும். வயர் பீரோவுக்குப் பின்னால் போனதால் மோடம் பீரோ மேலே இருப்பதாக நினைப்பு. சுவிட்சை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு இங்கிலீஷில் திட்டினேன். எட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை அம்மா பீரோவைத் திறந்து பட்டுப்புடவையும் நகையும் எடுத்துக்கொண்டிருந்தாள். வைஃபை பறந்தது. "எப்படி சரி பண்ணேன் பாத்தீங்களா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ("செல்லுலயே பேசிடலாம்டா" என்றாள் அக்கா. அப்புறம் லேப்டாப் வாங்கியது எதற்கு?)

அக்கம்பக்கத்துப் பெண்கள் வர ஆரம்பித்ததும் அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மாப்பிள்ளை திரையில் வந்து, "வணக்கங்க" என்று கும்பிட்டார். கும்பிட்டபடியே உறைந்து நின்றுவிட்டார்.

பத்து நிமிடம் போராடினேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவமானம் தாங்காமல் பழியைத் துபாய்க்குத் தள்ளினேன்.

"கோளாறு அந்தாளு பக்கம்தாம்ப்பா" என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து, வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுக்க வெள்ளிச் சிமிழ் வேண்டுமென்று அம்மா பீரோவைத் திறந்தாள். கிறீச்! நான் நிறுத்தவில்லை. "ஒரு நெட்டு ஒழுங்கா போட வக்கில்ல. இவருக்குப் போயி அக்காவைக் குடுக்கணுமா?"

திரையில் மாப்பிள்ளை மெதுவாகக் கையை இறக்கினார்.

"தம்பி, எனக்கு நெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் நிதானமாக. "இப்ப ஒரு கதவு கிறீச்சுன்னுச்சே, அப்பதான் லைன் வந்துச்சு. அது என்ன கதவு?"

"பீரோங்க" என்றாள் அம்மா. "இடி விழுந்தா கெட்டுருமேன்னு அந்த மோடத்தைப் புடவைக்கு நடுவுல வச்சிருக்கேன். பின்னாடி துருப்புடிச்ச ஓட்டை இருக்கு, அது வழியா வயரை வுட்டுட்டேன்."

"இரும்புப் பீரோவுக்குள்ள பூட்டி வச்சா சிக்னல் எப்படி அத்தை வரும்? வெளியில எடுத்து வைங்க. தம்பி, ஃபேன் எரையுறது இங்க வரைக்கும் கேக்குது. லேப்டாப்புக்கு அடியில ஏதோ அடைச்சிருக்கு பாருங்க."

எல்லார் முன்னாலும் கவரை உரித்தேன். அவர் வாயிலிருந்து 'அத்தை' வந்ததுமே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்தில் சீர்வரிசைப் பீரோவை இறக்கும்போது மாமா என் தோளில் கை போட்டு, "மச்சான், இதுல மோடம் எதுவும் இல்லியே?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது.

இன்றைக்கும் போனில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்டால், "என்ன மச்சான், பீரோவுக்குள்ள இருக்கியா?" என்பார். அக்கா மகளுக்கு என் பெயரே தெரியாது. பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். என்னைப் பீரோவுக்குள் வரைந்து, கதவைத் திறந்து வைத்திருந்தாள்.