பக்தி வளர்த்த ஜன்னல்

இந்தப் பூமியில் பக்தியை வளர்த்தவர்கள் யார் யார் என்று நாளைக்கு யாராவது கணக்கெடுத்தால், மகான்களையெல்லாம் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, முதியோர் உதவித்தொகை அலுவலகத்தின் கண்காணிப்பாளருக்குத்தான் முதல் நாற்காலி போட வேண்டும். மகான்கள் ஊர் ஊராக அலைந்து, தொண்டை வறளப் பேசி, நாலு பேரை மாற்றினார்கள். நம்ம கண்காணிப்பாளர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஜன்னலைப் பாதி திறப்பார். "உங்க மனு மேலே போயிருக்கு" என்பார். மூடிவிடுவார். எதிரே நிற்கிற கிழவர் அந்த நிமிஷமே "கடவுளே!" என்பார். இத்தனை சுருக்கமான பிரசங்கத்தை யார் கேட்டிருக்கிறார்கள்!

மேலே என்றால் மாடியா, தலைமை அலுவலகமா, அதற்கும் மேலேயா என்று அவர் விளக்கியதில்லை. பெரிய விஷயங்களை விளக்கக் கூடாது.

ஒருநாள் அந்த ஜன்னலுக்கு ஒரு தையல்காரம்மா வந்தார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்கவே அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டிய நிலைமை.

"ஐயா, மாசம் பொறந்தா வாடகை குடுக்கணும். கவர்மெண்ட்ட நம்பித்தான் இருக்கேன்."

"கவர்மெண்ட்ட நம்பி யாராவது பிழைக்க முடியுமாம்மா? கடவுளை நம்புங்க. அவர் பார்த்துப்பார்."

"நிஜமாவா சொல்றீங்க?"

"இத்தனை வருஷ சர்வீஸ்ல சொல்றேன்."

இதைக் கேட்டவர்கள் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த வாரம் திரும்பி வந்து நிற்பார்கள். அதுதான் அலுவலக நடைமுறை. தையல்காரம்மாவுக்கு நடைமுறை தெரியாது. சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்! நம்பியதோடு விட்டாரா? பெஞ்சில் காத்திருந்தவர்களிடம் திரும்பி, "கவர்மெண்ட்டு ஆளே கவர்மெண்ட்ட நம்பாதீங்கங்கறார். அப்புறம் நாம ஏன் இங்கே உட்கார்ந்திருக்கோம்? எழுந்திருங்க" என்றார். முதலில் எழுந்தவர் வேலையிலிருந்து நின்றுவிட்ட லாரி டிரைவர். அவர் பின்னாலேயே பெஞ்சு முழுக்க எழுந்து போய்விட்டது.

கண்காணிப்பாளருக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. கடவுளை அவர் முழுக்க முழுக்க ஏழைகளுக்கே விட்டுக்கொடுத்தவர். தனக்கென்று சம்பளம், பஞ்சப்படி, சீக்கிரமே வரப்போகிற பென்ஷன் ஆகிய அற்ப விஷயங்களோடு திருப்திப்பட்டுக்கொண்டார். "ஒரு நிமிஷம் சாமி கும்பிட்டுட்டுப் போனா என்ன?" என்று மனைவி கேட்டால், "எதுக்கு? அதான் பென்ஷன் வருதே!" என்பார். என்ன தியாகம்!

பெஞ்சு காலியான பிறகு பேப்பரைக் 'காணவில்லை' விளம்பரம் வரைக்கும் படிக்க முடிந்தது. விஷயம் பரவி, புதிதாகவும் யாரும் வரவில்லை; சில வாரம் நிம்மதியாகப் போனது. அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி போன் செய்தார்.

"வாழ்த்துக்கள்! உங்க வட்டாரத்துல வறுமை ஒழிஞ்சுபோச்சாமே!"

"அப்படிங்களா சார்?"

"வரிசையே இல்லையே! வரிசை நீளமா இருந்தா வறுமை, இல்லைன்னா முன்னேற்றம். அதானே நம்ம அளவுகோல்? நானே வந்து ஒருதரம் பார்த்துட்டு, ஆபீசை மூடி அறிக்கை குடுத்துடறேன்."

"சார்... அப்ப நான்?"

"உங்களை எங்கே போடறதுன்னு மேலே கேட்டிருக்கு."

"என் பென்ஷன் சார்?"

"இல்லாத ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆக முடியுமாங்கறது விதியில தெளிவா இல்ல. அதையும் கேட்டிருக்கோம். கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்! அதைக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தது. சோறு இறங்கவில்லை. "கடவுள் பார்த்துப்பார், சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "விளையாடறதுக்கு நேரமாடி இது?" என்று எரிந்து விழுந்தார்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போனார். ஒரே அறை. மூலையில் தையல் மெஷின். மீதி இடமெல்லாம் அவருடைய பழைய பெஞ்சு ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரார்த்தனை முடிந்து பாத்திரங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அங்கே கடவுள் தினமும் வந்துகொண்டிருந்தார். வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கையில் சோறு இருந்தது, இன்னொருவர் கையில் குழம்பு இருந்தது. வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டிருந்தார்கள். தர்ம ஆஸ்பத்திரிக்கு லாரி டிரைவர் கூட்டிப்போய், தையல்காரம்மாவுக்குக் கண் ஆபரேஷன்கூட ஆகிவிட்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி வழியாக அவர் நம்மவரைப் பார்த்தார்.

"வாங்கய்யா! உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்."

"என்னம்மா, ஆபீஸ் பக்கமே ஆளைக் காணோம்?"

"நீங்கதானே நம்பச் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக நம்பிடறதா?"

"கடவுளையா?"

"என்னை!"

அறை முழுக்கச் சிரித்தது. நம்மவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபீஸ் மூடப்போவதையும் பென்ஷன் தொங்குவதையும் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். "ஒருநாள் மட்டும் வந்து வரிசையில நில்லுங்கம்மா. உதவித்தொகை கேளுங்க."

"கேட்டா குடுப்பீங்களா?"

"மனு மேலே..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சரி போங்க, வர்றோம்" என்றார் தையல்காரம்மா. ஒரு கிண்ணத்தில் சோறும் போட்டுக் கொடுத்தார். நம்மவர் மறுக்கவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி.

மேலதிகாரி வந்த அன்று வரிசை வாசல் கேட்டைத் தாண்டி நின்றது. கண்காணிப்பாளர் ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்திருந்தார். ஒழிந்த வறுமை திரும்பி வந்துவிட்டதில் மேலதிகாரிக்கு ஏமாற்றம். முதலில் நின்ற தையல்காரம்மாவிடம் போனார்.

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. இந்த ஐயாவுக்காகத்தான் நிக்கறோம்."

ஜன்னலுக்குள்ளிருந்து கண்காணிப்பாளர் பதறிப்போய்க் கையைக் காட்டினார், தலையை ஆட்டினார். அந்த அம்மா கவனிக்கவில்லை.

"இவருக்கு என்ன?" என்றார் மேலதிகாரி.

"எங்களுக்குக் கடவுள் இருக்காருங்க. பாவம், இவருக்குக் கவர்மெண்ட்ட விட்டா நாதியில்லை. நாளைக்கே வேலை போய், பசிக்குதுன்னு இவரும் ஒரு ஜன்னல்ல போய் நின்னா, உள்ளே இவரை மாதிரியே ஒருத்தர்தானே உட்கார்ந்திருப்பார்!"