சங்கரலிங்கம், ஃபீச்சரிங் சம்பந்தி

சொந்தமாகப் பாட்டுத் தரவரிசை போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊர் உலகமே தங்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு அது கல்லூரியிலேயே முற்றிவிட்டது. வாரம் முழுக்க நான் விரும்பிக் கேட்ட இருபது பாட்டுகளை வரிசைப்படுத்தி, ஞாயிறு காலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன். (பார்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர். அதிலும் பாதிப் பேர் தெரியாமல் விரல் பட்டவர்கள்.)

அதில் என்னைக் குடைந்துகொண்டே இருந்த கேள்வி ஒன்றுதான். இரண்டு பேர் சேர்ந்து பாடினால் அது யார் பாட்டு? ஒருவர் பெயரை முன்னால் போட்டு, இன்னொருவரை 'ஃபீச்சரிங்' என்று பின்னால் ஒட்டுகிறார்களே, அதை யார் முடிவு செய்வது? நடுவில் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் அதட்டிவிட்டுப் போகிறார். அவர் இல்லாமல் கேட்டால் பாட்டு சப்பென்று இருக்கிறது. வெகுநாள் யோசித்து ஒரு விதி செய்தேன். யார் குரல் அதிக நேரம் கேட்கிறதோ அவர் பெயர் முதலில், மற்றவர் ஃபீச்சரிங். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் கிடையாது. இந்த விதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மாப்பிள்ளை சயன், கல்கத்தா நியூ டவுனில் என்னோடு வேலை பார்த்தவன். வீடு சாந்த்ராகாச்சியில். அவன் அப்பா தபன் காக்கு, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். (வங்காளத்தில் தெரிந்தவர்களின் அப்பாவெல்லாம் காக்கு, அதாவது சித்தப்பா. மாமனாராகப் போகிறவரைச் சித்தப்பா என்று நான் கூப்பிடுவது அம்மாவுக்கு ஜீரணமாகவே இல்லை.) என் அப்பா சங்கரலிங்கம், வங்கி அதிகாரி. பிறந்தது கல்கத்தாவில் என்றாலும் வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ், வாசிப்பது கஞ்சிரா.

துர்கா பூஜை முடிந்து பிஜோயா, அதாவது விஜயதசமி வாழ்த்துச் சொல்ல அவர்கள் வீட்டுக்குப் போனோம். அன்றே நாள் குறிப்பதாக ஏற்பாடு. அவர்களுடைய பௌஷும் நம்முடைய மார்கழியும் ஒரே மாதம். அதில் கல்யாணம் கூடாது என்பதில் மட்டும் இரு வீட்டாருக்கும் ஒத்த கருத்து. ஆகவே அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். ஆனால் அப்பாக்கள் இருவரும் ரயில் தாமதமாக வருவதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் இருவருமாகத் தேங்காய் உருண்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாங்க முடியாமல் காக்கு ஆர்மோனியத்தை இழுத்து, தானே எழுதி மெட்டுப் போட்ட படகுப் பாட்டு ஒன்றைப் பாடினார். அப்பா பைக்குள்ளிருந்து கஞ்சிராவை எடுத்தார். (பெண்ணுக்கு நாள் குறிக்கிற இடத்தில் இது எதற்கு என்று அம்மா புறப்படும்போதே கேட்டாள்.) முதலில் அடக்கமாகத் தட்டியவர், இரண்டாவது சரணம் முடிந்ததும் வாயால் 'தகதிமி' சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. காக்கு கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து காத்திருந்தார். ஆனாலும் கடைசியில் படகும் தகதிமியும் சேர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை. காக்கு அப்பாவைக் கட்டிக்கொண்டு, நாள் குறிப்பதை அடுத்த ஞாயிறு நிதானமாக வைத்துக்கொள்வோம் என்றார்.

போனில் பதிவு செய்திருந்தேன். வாரம் முழுக்க ஆபீஸ் பஸ்ஸில் அதைத்தான் கேட்டேன். ஞாயிறு காலை என் தரவரிசையில் அது ஒன்பதாம் இடத்தில் நுழைந்தது. ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்ததில் அப்பாவின் வாய் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருந்தது. நேர்மையாக, 'சங்கரலிங்கம், ஃபீச்சரிங் தபன்' என்று போட்டேன்.

அரை மணியில் சயன் கூப்பிட்டான். "எங்க பாபா கேட்கிறார், ஃபீச்சரிங்னா என்ன?"

"கூடப் பாடினவர்னு அர்த்தம்."

"பாட்டு அவரோடது, மெட்டு அவரோடது, ஆர்மோனியம் அவரோடது. பாடின வீடும் அவரோடது."

"நேரக் கணக்கு அப்பாவுக்குத்தானே அதிகம்?" என்று ஆரம்பித்து என் விதியை உதாரணங்களோடு விளக்கினேன். சயன் பாதியில் போனை வைத்துவிட்டான். சாயங்காலம் தகவல் வந்தது: காக்குவுக்கு உடம்பு சரியில்லை, பௌஷ் கழியட்டும், பார்க்கலாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவசரமாக, எழுதியவர் பெயரே முதலில் என்று விதியைத் திருத்தி, காக்குவை முன்னால் போட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏட்டி, காலையில நான்தான முன்னால இருந்தேன்?"

"ஆமாப்பா."

"இப்ப நான் அவருக்குப் பக்கவாத்தியமா?"

"நீங்க வாசிச்சதே பக்கவாத்தியந்தானப்பா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பௌஷ் என்ன, பங்குனிகூடக் கழியட்டும் என்றார் அப்பா.

அடுத்த வாரம் சயன் கெஞ்சினான். "கல்யாணம் வரைக்கும் அதை முதல் இடத்துல வச்சுத் தொலையேன். யாருக்கு நஷ்டம்?"

"இந்த வாரம் நான் அதை ஒரு தடவைதானே கேட்டேன். போட்டாலே சண்டைதான் ஞாபகம் வருது." (இருபத்தாறு வயது, சம்பளம் வாங்குகிற அசடு.) வாழ்க்கை போனாலும் தரவரிசை பொய்க்கக் கூடாது என்று, பாட்டைப் பத்தொன்பதாம் இடத்துக்கு இறக்கிப் போட்டேன்.

அப்பா கையில் போனோடு ஹாலுக்கு வந்து, "பத்தொன்பதா?" என்றார். அதற்குள் அந்தப் போனே அடித்தது. காக்கு. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஷங்கர் பாபு, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நமக்கு மேல இருக்கிறவன் மூக்கால பாடுறான்."

"பத்தாவதுல இருக்கிறதுக்கு மெட்டே கிடையாது. உங்க பொண்ணு கோமதிக்குக் காது கொஞ்சம் சரியில்லையோ?"

"சின்ன வயசுல சீழ் வடிஞ்சுது," என்றார் அப்பா. பெண் வீட்டார் சொல்கிற பேச்சா இது? அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அப்பா கஞ்சிராவை எடுத்துக்கொண்டு சாந்த்ராகாச்சிக்குப் போனார். ஒழுங்காகப் பதிவு செய்தால் மேலே ஏறும் என்பது இருவரின் கட்சி. இருட்டிய பிறகு திரும்பி வந்தவர், ஆர்மோனியம் எப்படிக் குழைந்தது என்று வெகுநேரம் சொன்னார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாள் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அதுவா, கார்த்திகையில வச்சாச்சு. நடுவுல டீ குடிக்கையில பேசினோம்," என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. புதிய பதிவு என் இருபதுக்குள் வரவில்லை, அதை இருவரும் மன்னிக்கவும் இல்லை. பழிக்குப் பழியாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சம்பந்திகள் சொந்தத் தரவரிசை தொடங்கினார்கள். என் ரசம், சயனின் மீன் குழம்பு எல்லாம் ஞாயிறுதோறும் ஏறி இறங்கின. எங்களுக்கு மகள் பிறந்தபோது, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. 'புது வரவு, நேரடியாக முதலிடம். சங்கரலிங்கம், தபன். ஃபீச்சரிங் கோமதி, சயன்.'

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் இப்போது தாத்தாக்கள் இருவருக்கும்தான் கைகொடுத்து வாழ்த்துகிறார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.