மணல் மூட்டை டேம்

எங்கள் ரப்பர் எஸ்டேட் டேம்காரரைப் போல ஒரு புளுகர் மலாயாவின் நெகிரி செம்பிலானிலேயே பிறந்ததில்லை. பேராக் பக்கம் பெரிய ஆற்றை மறித்து, கரண்ட் எடுக்க அணை கட்டினார்களே, அதைக் கட்டியதே தாம்தான் என்பார். வெள்ளைக்கார இஞ்சினியர் இவரைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட வைத்ததில்லையாம். உண்மையில் அங்கே அவர் கூலிகளுக்குச் சோறாக்கினார். அவர் மனைவி அஞ்சலை அக்கா சொல்லி, கூலி வீடுகள் வரிசையாய் நின்ற எங்கள் லயம் முழுக்க இது தெரியும். ஆனாலும் மழையில் சாக்கடை நிரம்பினால் இடுப்பில் கைவைத்து நின்று, "இதுல ரெண்டு டர்பைன் ஓட்டலாம்" என்பார்.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கேட்டருகே மணல் மூட்டை அடுக்கிய காவல் சாவடி. அதற்கு ஒரு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன். அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மகளுக்கு இருட்டிலா தாலி கட்டுவது என்று அம்மா அழுதாள்.

"அழுவாத தங்கச்சி. கரண்டு வெளிச்சத்துல கட்டிருவோம்லா" என்றார் டேம்காரர்.

வேலிக்குள் ஓடிய ஓடையை மறிக்கத் தொடங்கினார். மரச்சக்கரம் செய்தார். ரஹாங் பழைய சாமான் கடையிலிருந்து லோரி டைனமோவும் பல்பும் வந்தன. அணைக்கு மூட்டை? காவலர்களுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கூடையில் கொண்டுபோவார். அவர்கள் தின்றுகொண்டிருக்கும்போது, காலிக்கூடையில் ஒரு மணல் மூட்டையோடு திரும்புவார். சாவடிச் சுவர் குட்டையாகிக்கொண்டே வந்தது. கம்யூனிஸ்டு சதி என்று சார்ஜன் காவலைக் கூட்டினார். கிழங்கும் கூடுதலாய் அவிந்தது.

கல்யாணத்தன்று சாயங்காலம், மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தபின், சார்ஜன் ஓடையில் தம் மூட்டைகளைப் பார்த்துவிட்டார். சந்தேகத்தில் பிடிபட்டவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடும் காலம் அது. மேளம் நின்றது. அஞ்சலை அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"துவான், இவருக்கு வாய்தான் பெருசு. வேற ஒண்ணும் தெரியாது."

அந்த நிலையிலும் டேம்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாருக்குத் தெரியாது?"

சார்ஜன் தீர்ப்புச் சொன்னார்: பல்பு எரிந்தால் கல்யாணம், எரியாவிட்டால் ஸ்டேஷன்.

டேம்காரர் அணையின் மதகுப் பலகையைத் தூக்கினார். சக்கரம் சுற்றியது. பல்பு எரியவில்லை. அவர் டைனமோவை ஓர் உதை விட்டார். பந்தல் மஞ்சளாய் ஒளிர்ந்தது. சார்ஜனே கைதட்டினார். மூன்றாம் முடிச்சு விழுந்ததும் அணை உடைந்து, வெள்ளம் மூட்டைகளையும் எங்கள் பந்திப் பாய்களையும் வேலிவரை இழுத்துப்போனது. மாப்பிள்ளை, சார்ஜன், நான், எல்லோரும் முழங்கால் சேற்றில் சிரித்துச் சிரித்து அவற்றைப் பொறுக்கினோம்.

மூத்த பையன் பிறந்தபோது அவர் பெயரையே வைக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்கு டேம்காரர் என்றுதான் தெரியும்; சொந்தப் பெயர் என்னவென்று போய்க் கேட்டோம். டேம்காரர் குழந்தையை வாங்கி, தம் பெயரை அதன் காதில் மட்டும் சொன்னார்.