கொட்டாவி பிரதர்

போன வாரம் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை ஒரு சிப்பாய் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. அடுத்த கணம் அவனுக்கும் வந்தது. வாயைப் பொத்தியபடியே அட்டையைத் தந்து, "யன்ன மல்லி" என்று போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்: கொட்டாவி பிரதரைப் பற்றி எழுதியே தீர வேண்டும்.

இந்தக் கொழும்பில் கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு பொலிஸ் நிலையத்தையே வீழ்த்திய மனிதர் அவர் ஒருவர்தான்.

கொட்டாஞ்சேனையில் நான் படித்த பாடசாலையில் அவர் துறவற சபைச் சகோதரர், கேத்திரகணித ஆசிரியர், வடக்கிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்கள் தங்கிய விடுதிக்கும் பொறுப்பாளர். வெள்ளை அங்கியில் எப்போதும் சோக்குத்தூள். கரும்பலகையில் ஒரு வட்டம் தொடங்குவார். பாதியில் கொட்டாவி வரும். சாதாரணக் கொட்டாவி இல்லை. தாடை இறங்கி, கண்கள் மூடி, கடைசியில் ஒரு சின்ன ஊளையோடு கரை சேரும். அது முதல் வரிசை வாங்கில் தொற்றி, கடைசி வாங்கு வரை போய், ஜன்னல் வழியே பக்கத்து வகுப்புக்கும் தாவும். அங்கே படிப்பித்த ரீச்சர் அதிபரிடம் முறையிடப் போனார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அதிபரே கொட்டாவி விட்டாராம். வட்டம் மட்டும் வருடம் முழுக்கப் பிறை நிலாவாகவே நின்றது.

உயர்தரக் கணிதப் பரீட்சையன்று காலை, பஸ் தரிப்பில் நடந்த சுற்றிவளைப்பில் என்னையும் என் அறைத்தோழன் ஜெகனையும் பொலிஸ் நிலையத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெரிய ஐயா பின்னேரம் வந்துதான் விசாரிப்பார் என்றார் சார்ஜன்ட். பின்னேரம் என்றால் பரீட்சை போய்விடும். இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். ஜெகன் சூத்திரங்களை முணுமுணுப்பதை நிறுத்திவிட்டு அழத் தொடங்கினான்.

தப்பிய யாரோ விடுதிக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். பிரதர் வந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். நாங்கள் யார், எந்த ஊர், ஏன் கொழும்பு என்று சார்ஜன்ட் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரதர் சிங்களத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலோடும் ஒரு கொட்டாவியைச் சேர்த்துக் கொடுத்தார். வாசலில் துவக்கோடு நின்ற கான்ஸ்டபிள் முதலில் விழுந்தார். பிறகு தட்டெழுதுபவர். சார்ஜன்ட் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடித்தார். கண்ணில் நீர் கட்டியது. எங்கள் தகப்பன்மாரைப் பற்றிக் கேட்கத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மூடியபோது கேள்வி மறந்துவிட்டது.

தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "பிரதர், நீங்க நித்திர கொள்றதே இல்லையா?"

"எப்பிடிக் கொள்றது மகன்? ராவிலயும் ஜீப் வந்து பிள்ளையளை ஏத்திக்கொண்டு போகுது. நான் பின்னால வர வேண்டிக் கிடக்கு. உங்களுக்கும் நித்திரை இல்ல, எனக்கும் இல்ல."

சார்ஜன்ட் இன்னொரு கொட்டாவி விட்டார். பிறகு எங்கள் அட்டைகளை மேசையில் தள்ளினார். "கூட்டிக்கிட்டுப் போங்க. நீங்களும் போய்ப் படுங்க, பிரதர்."

அதுவரை அந்தக் கொட்டாவி அவரோடு கூடப்பிறந்தது என்றே நினைத்திருந்தோம். பரீட்சை மண்டபத்துக்குப் போன ஓட்டோவில் பிரதர் என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். மண்டபம் வந்தும் எனக்குத் தோளை எடுக்க மனம் வரவில்லை.

"டேய், பேப்பர் குடுக்கப் போறாங்கள்" என்று ஜெகன்தான் என்னை இழுத்தான்.

இப்போது பிரதர் ஓய்வுபெற்று சபையின் மடத்தில் இருக்கிறார். கொட்டாவி நின்றுவிட்டதாம். பார்த்துக்கொள்ளும் இளம் பிரதர் போனில் சொன்னார்: நித்திரையே இல்லை. வீதியில் ஒரு வாகனம் நின்றால் போதும், எழும்பி அங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். பொறுப்பாக இருக்க அவருக்கு இப்போது விடுதியும் இல்லை, பையன்களும் இல்லை என்று சொன்னாலும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறேன். ஜெகன் கனடாவில், தனியாகத்தான் முயன்று பார்க்க வேண்டும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கொட்டாவியை நான் விடப்போகிறேன். அது அவருக்குத் தொற்றும் வரை எழும்புவதாக இல்லை.